ஸ்டெல்லாவின் குவைத் நேரம்

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மாடி வீட்டில் உட்கார்ந்தபடியே சென்னைக் கம்பெனி ஒன்றின் அறுநூறு பேரை மேய்க்கிறாள் ஸ்டெல்லா. யார் ஒழுங்காக வேலை பார்த்தார், யார் ஒப்பேற்றினார் என்று மதிப்பெண் போடும் மென்பொருள் அவள் பொறுப்பில் இருக்கிறது. அதில் இரண்டு அமைப்புப் பக்கங்கள். ஒன்றில் கைவைத்தால் தரவுத்தளம் முழுக்க, அறுநூறு பேருக்கும் மாறும். மற்றது அவரவர் விருப்பம். எழுத்தின் அளவு, மொழி, கடிகாரம் எல்லாம் தனக்கு மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

ஸ்டெல்லா தன் கடிகாரத்தைக் குவைத் நேரத்தில் வைத்திருந்தாள். கணவன் ஆல்பர்ட் அங்கே போய் மூன்று வருஷம். திரையில் ஒரு மணி என்றால் அவன் சோற்றுப் பொட்டலம் பிரிக்கிறான். ஆறு என்றால் வேலை முடிந்து பஸ் ஏறுகிறான். அவளுக்கு வாய்த்த குடித்தனம் அவ்வளவுதான். பைத்தியக்காரத்தனம் என்று கீழ்வீட்டுக்காரி நான் திட்டுவேன். கேட்கிற ஆளா அவள்?

போன அமாவாசையன்று மென்பொருளின் புதிய பதிப்பு வந்ததில், அவள் கடிகாரம் இந்திய நேரத்துக்குத் திரும்பிவிட்டது. வெளியே மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் சிறப்பு பஸ்களின் ஹாரன் காதைக் கிழிக்க, அதைத் திரும்ப மாற்றப்போனவள் பதற்றத்தில் பக்கம் மாறி, மொத்தக் கம்பெனியையும் குவைத்துக்கு அனுப்பிவிட்டாள். ஐந்து மணிக்கு மூட வேண்டிய மதிப்பீட்டுப் படிவம் ஏழரை வரை திறந்து கிடந்தது. சோம்பேறிகளுக்குக் கொண்டாட்டம்.

மேலாளர் சுந்தரமூர்த்தி போன் செய்தார். "நம்ம கம்பெனில யாரும்மா குவைத்ல இருக்குறா?"

"யாருமில்ல சார். என் வீட்டுக்காரர்தான்."

"எல்லாத்தையும் இந்தியாவுக்கு மாத்திடும்மா. உன்னுதையும். இன்னொரு தரம் இப்படி ஆச்சுன்னா வீட்ல இருந்து வேல பாக்க வுட மாட்டாங்க" என்றார்.

மாற்றினாள். ஐந்தே காலைக் காட்டிய திரை ஏழே முக்காலுக்குத் தாவியது. ஆல்பர்ட் இன்னும் தூரமாகப் போய்விட்ட மாதிரி இருந்தது அவளுக்கு.

எட்டரைக்கு அவன் அழைத்தான். "இன்னா, சாப்டியா?"

"உங்க நேரத்த எடுத்துட்டாங்க" என்று நடந்ததைச் சொன்னாள். அவன் சிரித்தான்.

"என் போன்ல இன்னும் செஞ்சி நேரம்தான் ஓடுது. வந்த புதுசுல அதப் பாத்து, விடியறதுக்குள்ள வேலைக்குப் போய் கேட்டாண்ட நின்னேன். வாட்ச்மேன் தொரத்திட்டான்."

"இத்தினி நாளா சொல்லவே இல்லியே?"

"இன்னான்னு சொல்றது?"

ஸ்டெல்லாவுக்கு அழுகை வந்துவிட்டது.

"அத மாத்திடாதீங்க" என்றாள். "இங்க வந்து எறங்குற வரிக்கும் மாத்திடாதீங்க."