தலைவர் சிரிக்கச் சொன்னார்

தபால் வழியில் அரசியல் அறிவியல் படித்த இரண்டு வருடமும் நான் பகலில் ஏரிக்கரையில்தான் இருந்தேன். எங்கள் ஊர் திருப்புலிவனத்துக்குப் பக்கம். நூறு நாள் வேலைக்கு நான்தான் பொறுப்பாளர். முப்பது பெண்கள் வரத்துக் கால்வாயில் வேலிகாத்தான் முள்ளை வெட்டி, வண்டலை வாரிக் கரையில் கொட்டுவார்கள். நான் பெயர் கூப்பிட்டு, காலையில் ஒன்றும் மதியம் ஒன்றுமாகப் போட்டோ எடுத்து வருகைப்பதிவு ஆப்பில் ஏற்ற வேண்டும். சிக்னல் கரை உச்சியில்தான் கிடைக்கும். போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அங்கே நிற்பேன்.

"இன்னா பாப்பா, மேகத்துக்குப் போன் பண்ணிக்கினு கீறியா?" என்று கீழேயிருந்து ஒரு அக்கா கத்துவாள். கால்வாய் முழுக்கச் சிரிப்பு கிளம்பும்.

அந்த அக்கா எங்கள் தெருக்கோடி வீட்டுக்காரி. யாரைப் பார்த்தாலும் அப்படியே நடித்துக் காட்டுவாள். பத்து மணிக்குத் தூக்குவாளியைத் திறந்து கூழும் மோர்மிளகாயும் பங்கு போடும்போது அவள் கச்சேரி ஆரம்பிக்கும். மண்வெட்டியை மைக்காகப் பிடித்துக்கொண்டு அவள் பேசினால் புரை ஏறாமல் கூழ் குடிக்க முடியாது. அந்தக் காலை நேரங்களை நினைத்தால் இப்போதும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. அவ்வளவு சிரிப்பை நான் அதற்கப்புறம் எங்கேயும் சிரிக்கவில்லை.

மதியத்தில் புங்கமரத்தடியில் பாடம் படிப்பேன். எதேச்சாதிகாரம், முற்றதிகாரம் என்று அடுத்தடுத்து இரண்டு பாடம். என்ன வித்தியாசம் என்று மண்டையில் ஏறவே இல்லை. யார் அடித்தாலும் முதுகு வலிக்கத்தான் போகிறது, இதற்கு எதற்கு இரண்டு பெயர் என்று எரிச்சலாக வரும்.

எங்கள் பஞ்சாயத்துத் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. ஜெயித்தது ஒரு பெண்தான். ஆனால் கையெழுத்துப் போடும்போது மட்டும்தான் அந்த அம்மாவைப் பார்க்க முடியும். மற்றதெல்லாம் அவள் புருஷன். நாங்களும் வெட்கமே இல்லாமல் அவரைத்தான் 'தலைவர்' என்று கூப்பிட்டோம். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. வாயில் தானாக வந்தது. நாங்கள் செய்த முதல் தப்பு அதுதான்.

முதல் வருடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று, வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். கிராமசபையில் யாராவது தண்ணீர் டேங்க் பற்றி எழுந்து கேட்டால், "உக்காரு, அப்பால பாத்துக்கலாம்" என்பார். நாங்களும் உட்கார்ந்து, கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவோம். மறுநாள் ஏரிக்கரையில் அக்கா அவர் மாதிரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "உக்காரு!" என்பாள். இது அவர் காதுக்கும் போனது. அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. நாங்கள் மனசுக்குள் என்ன வைத்திருந்தாலும் அவருக்குக் கவலை கிடையாது.

இரண்டாம் வருடம் அவர் பிறந்த நாள் வந்தது. ரோட்டோரம் பெரிய பிளெக்ஸ். குடவோலைக் கல்வெட்டுள்ள உத்திரமேரூர்க் கோயில் படத்தைப் போட்டு, 'தேர்தல் கண்ட மண்ணின் மைந்தர்' என்று அச்சடித்திருந்தார்கள். ஒரு தேர்தலிலும் நிற்காத மனுஷன்! வேலை நேரத்தில் கேக்கோடு ஏரிக்கரைக்கே வந்துவிட்டார். கூட வீடியோ எடுக்க ஒருவர்.

"எல்லாரும் வாழ்த்து சொல்லி நல்லா சிரிங்க. மனசார சிரிக்கணும், ஆமா" என்றார்.

சொன்னோம், சிரித்தோம். வீடியோவைப் பார்த்தவர், "உயிரே இல்லியே" என்று மறுபடி எடுக்கச் சொன்னார். அதுவும் பிடிக்கவில்லை. மூன்றாவது முறை எல்லாருக்கும் சிரிப்பு நன்றாக வந்துவிட்டது, எனக்கும்தான். அவர் போனை முகத்துக்குக் கிட்டே வைத்து, ஒவ்வொரு முகமாக நிறுத்திப் பார்த்தார். திரையில் அக்கா முகத்தின்மேல் விரலை வைத்தார்.

"நீ ஏம்மா சிரிக்கல?"

"முள்ளு வெட்டச் சொன்னா வெட்றேன், மண்ணு வாரச் சொன்னா வார்றேன். சிரிப்பு வந்தாத்தான் சிரிப்பேன்" என்றாள்.

அவர் கத்தவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்தம்மாக்கு இன்னிக்கு ஆப்சென்ட் போட்ரு. அடுத்த லிஸ்ட்ல பேரு வாணாம்" என்றார். அவள் வீட்டில் அடுப்பு எரிந்ததே இந்த வேலையால்தான். அது எனக்கு நன்றாகத் தெரியும். என் வேலையும் அவர் வீட்டுக் கையெழுத்தில்தான் இருந்தது, அதுவும் தெரியும். கரை உச்சிக்கு ஏறி, சிக்னல் வரும்வரை நின்று, ஆப்சென்ட் போட்டேன்.

அன்றைக்குப் பாடம் புரிந்துவிட்டது. முதல் வருடம் அவருக்கு எங்கள் வாய் மட்டும் போதுமாக இருந்தது, அது எதேச்சாதிகாரம். இரண்டாம் வருடம் எங்கள் மனசும் வேண்டும் என்று கேட்டார், அது முற்றதிகாரம். இத்தனை எளிதான விஷயத்துக்கு நான் இவ்வளவு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேனே என்று இருந்தது.

மறுநாள் காலை அக்கா வழக்கம்போல மண்வெட்டியோடு வந்தாள். "யக்கா, நேத்து உனுக்கு ஆப்சென்ட் போட்டுட்டேன். அடுத்த லிஸ்ட்ல பேரும் இல்ல. என்ன திட்டு, அட்ச்சிகூடப் போட்டுடு" என்று அழுதேன்.

அவள் திட்டவில்லை. மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்கிவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

"பேரு போனா போவுது, வேற வேல பாத்துக்கறேன். உன்ன ஒண்ணு கேக்கணும். நேத்து மூணாவது தபா நீ சிரிச்சியே, அது பயத்துல சிரிச்சதா, இல்ல நெஜமாவே சிரிச்சியா?"

பயத்தில்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அது உண்மைதானா என்று எனக்கே தெரியவில்லை.