மாமா செய்யாத திருவலை

மிதித்துத் தேங்காய் திருவுகிற மெஷின் ஒன்று வேண்டுமென்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. புட்டை மலைபோலச் சாப்பிடுகிற தன் தம்பி, அதாவது என் மாமா, ஒருநாளாவது திருவலையில் குந்தி அரைமூடித் தேங்காய் திருவித் தரவேண்டும் என்றுதான் அம்மா கேட்டார். மாமாவுக்கு அது கௌரவக் குறைச்சல். ஒரு கிழமை வயல் பக்கமே போகாமல், பழைய சைக்கிள் ஒன்றை மரச்சட்டத்தில் ஏற்றி, பின்சில்லைக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு இரும்புத் தண்டும் அதன் நுனியில் திருவலைப் பல்லும் பூட்டிவிட்டார். ஒருவர் சீற்றில் இருந்து மிதிக்க, இன்னொருவர் தேங்காயைப் பிடிக்கவேண்டும். ஒருவர் செய்த வேலைக்கு இப்போது இரண்டு பேர் தேவை. முதல்நாள் தேங்காய்ப்பூவில் பாதி குசினிச் சுவரில் இருந்தது. அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

மிதிக்கிற வேலை எனக்கு. அப்போது எனக்கு ஏழு வயது. சீற்றுக் கம்பி குத்துகிறதென்று நான் சிணுங்க, எனக்குக் கட்டையாகிப்போன ஸ்ட்ரோபெரிப் படம் போட்ட மஞ்சள் சட்டையை வெட்டி அம்மா அதற்கு உறை தைத்துப் போட்டார். மாமாவைத் திட்டிக்கொண்டேதான் தைத்தார்.

பிறகு சண்டை எங்கள் ஊர் அக்கராயனுக்கு வந்தது. நாங்கள் ஓடினோம். அந்தக் கதையை எல்லோரும் சொல்லிவிட்டார்கள், நான் சொல்லவில்லை. அகதி முகாமில் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பி வந்தபோது எனக்கு ஒன்பது வயது. வீடு நின்றது. ஓடு இல்லை, கதவு இல்லை, யன்னல் நிலை இல்லை, கிணற்று மோட்டர் இல்லை. குசினியில் மெஷினும் இல்லை.

“கதவைக் கொண்டு போனவனுக்குக் கதவு தேவை. இந்த இழவை ஆர் கொண்டு போனவன்?” என்றார் அம்மா.

நாங்களும் சுத்தமான ஆட்களில்லை. ஓடுகிற வழியில் ஆளில்லாத வீட்டு அடுப்படியில் இருந்து அப்பா ஒரு பெரிய பானையை எடுத்திருந்தார். கடைசிவரை அதில்தான் கஞ்சி காய்ச்சினோம். வீட்டுக்காரர் வந்து கேட்டால் கொடுக்கவேண்டும் என்று அம்மா அதை மினுக்கிக் கவிழ்த்து வைத்திருந்தார். யாரும் வரவில்லை.

அந்த வருடம் ஏ-9 வீதியோரம் ஒரு ஆமி முகாமில் கொட்டகை போட்டு, சண்டையில் கைப்பற்றிய பொருட்களைக் காட்சிக்கு வைத்தார்கள். தெற்கிலிருந்து சனம் பஸ் பஸ்ஸாக வந்து பார்த்தது, பக்கத்தில் நின்று படம் எடுத்தது. எங்கள் பள்ளிக்கூடத்துக்கும் அழைப்பு வந்தது. போகாமல் விடக்கூடிய அழைப்பா அது? ஆளுக்கொரு பால் பைக்கற், ஒரு பிஸ்கற் என்று தந்து வரிசையில் விட்டார்கள்.

துருப்பிடித்த படகு எஞ்சினுக்குப் பக்கத்தில் எங்கள் மெஷின் நின்றது. ஸ்ட்ரோபெரி உறையும் அப்படியே இருந்தது. முன்னால் மூன்று மொழியிலும் ஒரு அட்டை: பயங்கரவாதிகள் வெடிகுண்டுப் பாகங்களைத் தீட்டப் பயன்படுத்திய இயந்திரம்.

இப்போது நினைத்தாலும் எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது. எதிரியின் கையிலிருந்து துவக்கைப் பறித்தேன் என்று ஒருவன் பெருமைப்படலாம். குசினிக்குள் நின்ற திருவலையைத் தூக்கிக்கொண்டு போய், வென்றெடுத்தேன் என்று எழுதி வைப்பதற்கு ஒரு முகம் வேண்டாமா? குண்டு செய்கிறவன் சீற்றுக்கு ஸ்ட்ரோபெரி உறை போடுவானா என்றுகூட ஒருவருக்கும் தோன்றவில்லையே!

ஆனால் அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது.

“ரீச்சர், இது எங்கட! என்ர மாமா செய்தவர்!”

ரீச்சர் என் வாயைப் பொத்தினார். பொத்த முன்னமே முகாம் அதிகாரி திரும்பிவிட்டார். தமிழ் கொஞ்சம் தெரிந்த மனிதர். குனிந்து, இது என்ன செய்யும் என்று கேட்டார். தேங்காய் திருவும் என்றேன். ஆமிக்காரர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பல்லைத் தொட்டுப் பார்த்தார், உறையைப் பார்த்தார், என் வீடு எங்கே என்று கேட்டார். பாதை தவறாமல் சொல்லிக் கொடுத்தேன், கெட்டிக்காரி!

மூன்றாம் நாள் பின்னேரம் ஒரு ட்ரக் எங்கள் படலையில் வந்து நின்றது. மெஷினை இறக்கி முற்றத்தில் வைத்தார்கள். சண்டை முடிந்த கையோடு ஆமி பிடித்துக்கொண்டு போன மாமா, தடுப்பு முகாமிலிருந்து விடுதலையாகி வந்து ஐந்து மாதம். கிழமைக்கு ஒருக்கா முகாமுக்குப் போய்க் கையெழுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

“தங்கச்சி சொன்னது, மாமா செஞ்சது எண்டு. உண்மையெண்டா வெச்சுக்கொள்ளுங்கோ. எங்களுக்கு வேணாம்” என்றார் அதிகாரி. நல்லெண்ணத்தில் சொன்னாரோ, ஆழம் பார்த்தாரோ, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

மாமா மெஷினைச் சுற்றி ஒருதரம் நடந்தார்.

“இதை நான் கண்டதேயில்லை, சேர்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அம்மாவைப் பார்த்தேன். அம்மா, தான் தைத்த உறையை ஏறெடுத்தும் பார்க்காமல், எங்கள் வீட்டில் இப்படி ஒரு சாமான் இருந்ததில்லை, பிள்ளை விளையாட்டுக்குச் சொல்லிப்போட்டாள் என்றார். பொய் சொன்னால் வாயில் சூடு வைப்பேன் என்கிற அதே அம்மா! நான் விடுவேனா? பாய்ந்து ஏறி மிதித்துக் காட்டினேன். நாலு மிதிக்குள் துருப்பிடித்த செயின் கழன்று தொங்கியது. அதிகாரி மாமாவைப் பார்த்து, போடுங்கோ என்றார்.

மாமா இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். “எனக்குச் செயின் போடத் தெரியாது, சேர். தோட்டவேலை மட்டும்தான் தெரியும்.”

அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு ஒரு கிழமை நீலமாக இருந்தது. மெஷினை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். போகும்போது அதிகாரி என் கன்னத்தைத் தட்டினார்.

முற்றத்துக்கு வந்த பொருளை வேண்டாமென்று அனுப்பிய மனிதரை நான் எப்படி மன்னிப்பது? மூன்று மாதம் மாமாவோடு கதைக்கவில்லை. கையெழுத்து வைத்துவிட்டு வந்து அவர் வெறுமனே நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதும் கதைக்கவில்லை. மெஷின் செய்யத் தெரிந்த ஆளென்றால் குண்டும் செய்திருப்பான் என்று எழுதுவார்கள் எனப் பயந்து, தோட்டவேலை தவிர வேறொன்றும் தெரியாது என்று தடுப்பில் ஒவ்வொரு விசாரணையிலும் அவர் சொல்லியிருந்தார் என்பது, நான் பெரியவளான பிறகுதான் அம்மா சொல்லித் தெரியும்.

அந்தச் சொல்லை அவர் காப்பாற்றியதுதான் எங்கள் எல்லோருக்கும் எரிச்சல். பள்ளிக்கூடம் விட்டு என்னை ஏற்றி வரும்போது செயின் கழன்றால், ஒரு நிமிஷ வேலை, செய்யமாட்டார். வெயிலில் இரண்டு கட்டை தூரம் சைக்கிளை உருட்டிக்கொண்டு சந்தியில் இருக்கிற சைக்கிள் கடைக்குப் போவார். நான் காலைத் தரையில் உதைத்து உதைத்துப் பின்னால் நடப்பேன். கடைக்காரர் ஒருகாலத்தில் மாமாவிடம்தான் சைக்கிள் திருத்தப் பழகியவர். ஏனென்று கேட்காமல் செயினைப் போட்டுக் கொடுப்பார். எதிரே காவலரணில் இரண்டு ஆமிக்காரர்கள் எங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

ஒருநாள் என்னால் பொறுக்க முடியவில்லை. மௌன விரதத்தை முறித்துக்கொண்டு கடை வாசலில் கத்தினேன். “உங்களுக்கு ஒண்டுமே தெரியாது!”

“ஓம், பிள்ளை. எனக்கு ஒண்டுமே தெரியாது” என்றார் மாமா. வீதிக்கு அந்தப் பக்கம் வரை கேட்கும்படி, நன்றாகச் சத்தமாகச் சொன்னார்.

ஒருவழியாக உண்மையை ஒத்துக்கொண்டாரே என்ற திருப்தியோடு நான் கரியரில் ஏறி உட்கார்ந்தேன்.