தாழியைக் காட்டாத காப்பாளர்

திண்டுக்கல் பக்கம் ஒரு நூலகத்தின் மாடியில் அருங்காட்சியக அறை ஒன்று உண்டு. அதன் காப்பாளரை ஒரே ஒருமுறை சந்தித்தேன். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, பையில் மூன்று பேனா, கையில் மஞ்சள் துணி. அந்தத் துணியால் கதவின் பூட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்காத ஜன்னல் கண்ணாடி வழியே உள்ளே எதுவும் தெரியவில்லை.

ஆயக்குடியிலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். தன் கொய்யாத் தோப்பில் குழி வெட்டியபோது கிடைத்த முதுமக்கள் தாழியை இந்த அறைக்குக் கொடுத்தவர்.

"ஏனுங்க, தாழியை நான் வித்துட்டேன்னு ஊருக்குள்ள பேசறாங்க. ஒரு போட்டோ எடுத்துட்டுப் போயிக் காட்டோணுங்க."

"மேலதிகாரி வந்தாத்தேன் தொறப்போம்மா. தொறந்தா உள்ள தூசி போகும், ஆளுக தொடுவாக."

"கொடுத்தவளுக்கே காட்ட மாட்டீங்களா?"

"பத்திரமா இருக்குன்னு சொல்றேன்ல. அம்புட்டுத்தேன்."

சாவி அவர் இடுப்பிலேயே தொங்கியது. "எல்லாம் மக்களுக்காகத்தானே?" என்று கேட்டேன்.

"சனங்கதேன் சார் பிரச்சினையே" என்றார்.

பிறகு பார்வையாளர் கருத்தேட்டை அந்தப் பெண்ணிடம் நீட்டினார். வந்தவர்கள் எழுதாமல் போகக் கூடாதாம். அந்தப் பெண் நின்றபடியே எழுதினார்: 'நான் கொடுத்த தாழி உள்ளே பத்திரமாக இருப்பதாகச் சொன்னார்கள். காட்டவில்லை.'

காப்பாளர் இருமுறை படித்தார். "நல்லா எழுதிருக்கீகம்மா" என்று அலுவலக முத்திரையைக் குத்தினார். அந்தப் பெண் உடனே செல்போனை எடுத்து அந்தப் பக்கத்தைப் படம் பிடித்தார்.

"முத்திரை இருக்குதுங்கல்ல, ஊருக்கு இது போதும்."

'காட்டவில்லை' என்ற கடைசிச் சொல்லைக் காப்பாளர் கவனிக்கவில்லையா, கவனித்தும் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாரா என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை.