கை அசைந்தால் ஓடும்

அரியலூரில் சிமென்ட் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள் அனுசுயா. சுண்ணாம்புக் கல்லைப் பொடித்துச் சலித்து, அமிலத்தில் கரைத்து, இந்தக் கல் தேறும், இது தேறாது என்று சொல்லும் வேலை. கல்யாணம் கூடிவரவில்லை. அப்பாவும் அம்மாவும் ஒருவர் பின் ஒருவராகப் படுக்கையில் விழுந்து போய்ச் சேர்ந்தபோது வயது ஐம்பதைத் தொட்டிருந்தது. அந்த வருஷம்தான் சென்னைக்குத் தனியாகப் போய், சுவிட்சர்லாந்து வாட்ச் ஒன்று வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. பெங்களூரில் இருந்த தம்பியிடம்கூட.

அதற்கு பேட்டரி கிடையாது. கை அசைய அசைய உள்ளே ஒரு சிறு தகடு சுழன்று, தானே சாவி ஏற்றிக்கொள்ளும். தினமும் காலையில் போனில் நேரத்தைப் பார்த்து ஒத்துப் பார்ப்பாள். இரண்டு மூன்று விநாடி முந்தி ஓடும், அவ்வளவுதான். அந்த இரண்டு விநாடியும் சேர்ந்து ஒரு நிமிஷம் ஆனதும் திருத்தி வைப்பாள். ஆலைத் தூசியிலும் அது பிசகியதில்லை. இதே வாட்ச் வைத்திருப்பவர்கள் கூடிப் பேசும் வாட்ஸ்அப் குழுவில் அவளும் சேர்ந்திருந்தாள். "ஏழு வருஷம் ஆச்சு, ஒரு குறையும் இல்லை" என்று அதில் எழுதும்போது, பெற்ற பிள்ளையைப் பற்றி எழுதுவதுபோலத்தான் இருக்கும் அவளுக்கு.

ஓய்வு பெற்ற சில மாதங்களில் வாட்ச் பின்தங்க ஆரம்பித்தது. செந்துறையில் பழைய சிநேகிதி ஜெயசித்ராவின் மகளுக்குக் கல்யாணம். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, வாட்சைப் பார்த்து, இன்னும் நேரமிருக்கிறது என்று நிதானமாகக் கிளம்பிப் போனால் பஸ் போய்விட்டிருந்தது. அடுத்த பஸ் பிடித்து மண்டபத்துக்குள் நுழைந்தபோது தாலி கட்டி முடித்து, பந்தி நடந்துகொண்டிருந்தது.

"என்னடி, இப்பத்தான் வர்றே? உன் கையில கட்டியிருக்கறது வாட்ச்தானே?" என்று ஜெயசித்ரா சிரித்தாள். அனுசுயாவும் சிரித்து வைத்தாள். பந்தியில் உட்கார்ந்து போனோடு ஒத்துப் பார்த்தாள்; வாட்ச் அரை மணி பின்னால் இருந்தது.

மறுவாரமே ரயிலேறிச் சென்னை சர்வீஸ் சென்டருக்குப் போனாள். சிவரஞ்சனி என்ற பெண் வாட்சை வாங்கி, சாவி கொடுத்து, ஒரு கருவியில் பொருத்திப் பார்த்தாள். திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

"மேடம், வாட்ச்ல ஒரு கோளாறும் இல்லை. ரொம்பக் கரெக்டா ஓடுது."

"வீட்டுல நின்னு போவுதும்மா. காலையில பார்த்தா செத்துக் கெடக்குது."

அந்தப் பெண் கொஞ்சம் தயங்கினாள். "தப்பா நினைக்காதீங்க மேடம். நாள் பூரா என்ன பண்ணுவீங்க? கை அசையற மாதிரி வேலை ஏதாவது இருக்கா?"

அனுசுயா நினைத்துப் பார்த்தாள். காலையில் ஒரு காபி, ஒருத்திக்கு ஒரு டம்ளர் அரிசிச் சோறு, அப்புறம் நாற்காலி, டிவி. "இருக்குதும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வாட்சை வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

குழுவில் கேட்டபோது, வாட்சை வைத்தால் தானே சுற்றிக்கொண்டிருக்கும் மின்சாரப் பெட்டி ஒன்று இருப்பதாகச் சொன்னார்கள். குரும்பலூர் தர்மராஜ் என்பவர், "எங்கிட்ட இருக்குதுங்க. வந்து பார்த்துட்டு அப்புறம் வாங்குங்க" என்று எழுதினார். போனாள்.

மக்காச்சோள வியாபாரம் செய்து மகனிடம் ஒப்படைத்துவிட்டவர் தர்மராஜ். மனைவி காலமாகிவிட்டார். மகன் பெரம்பலூர் டவுனில் வீடு கட்டிப் போய்விட்டான். கூடத்து அலமாரியில் வரிசையாகப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு வாட்ச், மெல்லிய உறுமலோடு சுற்றுவதும் நிற்பதுமாக இருந்தது. எல்லாம் சரியான நேரம் காட்டின.

"எல்லாத்தையும் மாத்தி மாத்திக் கட்டுவீங்களா?" என்று கேட்டாள்.

"கட்டறதே இல்லைங்க." அவர் வெறும் மணிக்கட்டைக் காட்டினார். "கட்டிக்கிட்டு எங்க போறது? கரண்டு போனாத்தான் கொஞ்சம் பதட்டமாயிடும். இன்வெர்ட்டர் போட்டு வச்சிருக்கேன்." பிறகு அவசரமாக, "டீ குடிச்சுட்டுத்தான் போவணும். நல்லாப் போடுவேன்" என்றார்.

டீ நன்றாகத்தான் இருந்தது. ஒவ்வொரு வாட்சையும் எங்கே, எப்போது வாங்கினார், எது எத்தனை விநாடி ஓடும் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். நடுவில் அவர் டீயை உறிஞ்சும்போதெல்லாம் பெட்டிகளின் சத்தம் கேட்டது. அனுசுயாவுக்கு எழுந்து போய்விட வேண்டும் போலவும் இருந்தது, அந்த மனிதரைப் பாதிப் பேச்சில் விட்டுப் போக மனமில்லாமலும் இருந்தது. கடைசியில் வெயில் தாழ்ந்த பிறகுதான் பஸ் ஏறினாள்.

பெட்டி வாங்கவில்லை. காலையில் காபி குடித்ததும் வாட்சின் ஓரத்துக் குமிழைப் பிடித்துக் கையாலேயே சாவி கொடுக்க ஆரம்பித்தாள். விரலில் சன்னமாக ஒரு நறநறப்பு. வாட்ச் மறுபடி பழையபடி ஓடியது. அதற்கு மேல் அன்றைக்குச் செய்ய வேண்டியது என்று ஒன்றும் இருக்காது.

ஒருநாள் தர்மராஜ் போன் செய்தார்.

"பெட்டி வாங்கிட்டீங்களா?"

"இல்லைங்க. கையாலயே சாவி கொடுத்துக்கறேன்."

"அப்படியா. அதுவும் நல்லதுதான்."

"ஆமாங்க."

"வேற என்னங்க சேதி?"

அனுசுயா யோசித்துப் பார்த்தாள். "வேற ஒண்ணுமில்லைங்க."

"சரிங்க" என்றார் அவர். ஆனால் போனை வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. வாசலில் தண்ணீர் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது தெருமுனை திரும்பிய பிறகும் போன் அவள் காதில்தான் இருந்தது.