ஃபுசானோவின் கைராசி

ஜப்பானின் கனசாவா நகரில் ஃபுசானோவின் கைராசி தெரியாதவர் இல்லை. கை வைத்தே நோய் தணிக்கும் ரெய்கி கற்றுக்கொண்ட நாளிலிருந்து, காலையில் கைகூப்பி "இன்று மட்டும் கோபப்படாதே" என்று சொல்லாமல் அவள் அடுப்பு மூட்டியதில்லை. வலி என்று வந்தவர்மேல் கை வைப்பாள், வலி இறங்கும். மகன் எய்கிச்சிக்குப் பிறந்ததிலிருந்தே மூச்சிழுப்பு. வருடக்கணக்காக அவன் நெஞ்சில் கை வைத்தே அதை விரட்டினாள்.

போர் வந்தது. படைக்கு ஆள் எடுக்கும் மருத்துவச் சோதனையில் எய்கிச்சி முதல் தரத்தில் தேறினான். "எல்லாம் உங்க கைராசிதான், அக்கா!" என்று தெருவே கொண்டாடியது. மறுவருடம் அவன் பெயரில், போரில் மாண்டவர்களின் சாம்பல் வரும் வெள்ளைப் பெட்டி ஒன்று வந்தது. உள்ளே சாம்பல்கூட இல்லை. அன்றோடு அந்தக் காலை வாசகம் நின்றுபோயிற்று.

போர் இன்னும் ஓயவில்லை. பக்கத்து வீட்டு மாட்சுயே, லொக்கு லொக்கென்று இருமும் மகனை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, இவன் நெஞ்சுல கொஞ்சம் கை வைங்க. அடுத்த மாசம் படைக்குச் சோதனை. தேறலைன்னா நான் தெருவுல தலைகாட்ட முடியாது."

இருமல் கேட்டதும் பழக்கதோஷத்தில் ஃபுசானோவின் உள்ளங்கைகள் சூடேறின. இரண்டையும் கிமோனோவுக்குள் செருகிக்கொண்டாள்.

"அடி கூறுகெட்டவளே, அவன் நல்லா இருமட்டும், விடு!"