திரையில் சிவப்பு, படகில் விரிசல்

இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டில் எங்களுக்கு ஒரு புதுப் பாடம் வந்தது. ஓர் இரும்புப் பாகத்தைக் கணினியில் வரைந்து, ஆயிரக்கணக்கான சின்னத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டும் எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று கணக்கிட வேண்டும். அதிகம் திணறும் இடம் திரையில் சிவப்பாகத் தெரியும், சும்மா இருக்கும் இடம் நீலமாக. நெல்லித்தோப்பு வீட்டில் என் பழைய லேப்டாப் இந்தக் கணக்கைத் தொடங்கினாலே சூடேறி இரையும். அம்மா அதற்கு ‘அடுப்பு’ என்று பெயரே வைத்துவிட்டாள்.

முதல் பயிற்சியில் ஒரு தகட்டை வளைத்துப் பார்த்தேன். அது பாண்டியிலிருந்து விழுப்புரம் வரை வளைந்ததாக விடை வந்தது. மில்லிமீட்டர் கேட்ட இடத்தில் மீட்டர் போட்டிருந்தேன். வகுப்பே சிரித்தது. பக்கத்தில் இருந்தவள் மட்டும் சிரிக்காமல் தன் திரையை என் பக்கம் திருப்பினாள். அவளுடைய தகடு கடலூரைத் தாண்டிப் போயிருந்தது. அன்றே சிநேகிதிகளாகிவிட்டோம்.

அவள் ஊர் கனகசெட்டிக்குளம். அவள் அண்ணன் ஃபைபர் படகில் மீன்பிடிக்கப் போகிறவர். படகின் பின்னால், நுனியில் விசிறி சுழலும் நீளத் தண்டு வைத்த டீசல் இன்ஜின், அதைத் தாங்க ஓர் இரும்பு ஸ்டாண்டு. அந்த ஸ்டாண்டு அடிக்கடி விரிசல் விட்டது. புராஜெக்டுக்கு அதையே எடுத்துக்கொண்டோம்.

அவள் அளந்து வந்தாள், நான் வரைந்தேன். தண்ணீரைத் தள்ளும் விசை முழுவதையும் ஸ்டாண்டின் மேல் ஏற்றினோம். பின்காலின் அடியில் அழகாகச் சிவப்பு வந்தது. கண்டுபிடித்துவிட்ட பெருமையோடு அண்ணனிடம் காட்டப் போனோம். அவர் வலையைக் கீழே வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தார்.

“செவப்பா இருக்கிற எடத்துலதான் ஒடையுமா?”

“ஆமாண்ணா.”

“இங்க ஒருநாளும் ஒடஞ்சதில்லம்மா. எப்பவும் எடக்கால்லதான்” என்று இடக்காலின் வெல்டு ஓரத்தில் விரல் வைத்துக் காட்டினார்.

எங்கள் படத்தில் இடக்கால் நீலமாக இருந்தது. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. தோழி மட்டும் அண்ணனிடம், “நீ ஓட்டுறதுலதான் ஏதோ கோளாறு” என்றாள். அவர் கோபப்படவில்லை. “காலையில படகு கரையேறும்போது வந்து பாருங்க, எது கோளாறுன்னு தெரியும்” என்றார்.

மறுநாள் விடிந்ததும் முதல் பஸ்ஸில் போனேன். தோழி கரையில் காத்திருந்தாள். படகுகள் வரிசையாக வந்தன. அண்ணனின் படகு மணலை நெருங்கியபோது பின்னாலிருந்து ஓர் அலை வந்து படகின் பின்பக்கத்தைப் பக்கவாட்டில் தள்ளியது. அந்த நொடியில் தண்டின் நுனி மணலில் குத்தி நின்றுவிட்டது. படகு திரும்ப, தண்டு திரும்ப மறுக்க, நடுவில் மாட்டிக்கொண்ட ஸ்டாண்டு துணி பிழிவதுபோல் முறுகியது. பார்த்துக்கொண்டே நின்றதில் அடுத்த அலை என்னை இடுப்பு வரை நனைத்தது.

“முறுக்குதுடி. நாம நேராத் தள்ளிட்டிருந்தோம்” என்று கத்தினேன். அவள் அதற்குள் நோட்டை எடுத்துவிட்டாள்.

அண்ணன் படகிலிருந்து இறங்கி வந்து, “அலை தெக்கேர்ந்து சாய்வா வருது. அதான் எடக்கால்லயே வாங்குது. இத நீங்க கேக்கவேயில்லியே” என்றார். உண்மைதான், நாங்கள் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து உடை மாற்றியதும் லேப்டாப்பைத் திறந்தேன். முறுக்கு விசையைக் கொடுத்ததும் இடக்காலின் வெல்டு ஓரத்தில் சிவப்பு வந்தது. அண்ணன் விரல் வைத்துக் காட்டிய அதே இடம். என் வாழ்க்கையில் ஒரு நிறத்தைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

முதலில் கனத்த தகடு போட்டுப் பார்த்தோம். எடைதான் கூடியது, சிவப்பு போகவில்லை. கூர்மையான மூலையை வளைவாக்கி, பக்கத்தில் சின்ன முக்கோணத் தகடு ஒன்று சேர்த்ததும் திணறல் குறைந்து சிவப்பு மஞ்சளாக இறங்கியது. உழவர்கரைப் பட்டறை ஒன்றில் அப்படியே செய்து வாங்கிப் படகில் மாட்டினோம்.

தேர்வு நாளில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர், “இந்த முறுக்கு லோடு எந்தப் புத்தகத்துல இருக்கு?” என்று கேட்டார்.

“புத்தகத்துல இல்ல சார். கரையில நின்னு பாத்தோம்.”

அவர் அலை எந்தப் பக்கமிருந்து வந்தது என்று விவரம் கேட்க ஆரம்பித்தார். அடுத்த குழு வெளியே வெகுநேரம் காத்திருந்தது.

சில மாதங்கள் கழித்து அண்ணன் போன் செய்தார்.

“ஸ்டாண்டு அப்படியே கல்லு மாதிரி இருக்கும்மா. இப்ப போல்ட்டு ஒடையுது.”

எந்தப் போல்ட்டு, எந்தப் பக்கம், கடலில் உடைந்ததா கரையேறும்போதா என்று வரிசையாகக் கேட்டேன். அவர் பதில் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்.