சோத்தாங்கை

என் தம்பி மேல் வந்த கோபம் எனக்கு இன்னும் இறங்கவில்லை. இறங்கட்டும் என்று நான் காத்துக்கொண்டும் இருக்கவில்லை.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. கோணிப்போன வாய் சீக்கிரமே சரியானது. கால் ஓரளவு தேறியது, பேச்சும் மெல்லத் தெளிந்தது. வலது கை மட்டும் யாரோ வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி மடியிலேயே கிடந்தது. கூலாயில் எங்கள் தாமான் குடியிருப்பு வீட்டில் அம்மாவும் நானும்தான். நான் செனாயில் ஒரு தொழிற்சாலையில் லைன் லீடர். நான் வேலைக்குப் போனால் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொள்வார். தம்பிக்குச் சிங்கப்பூரில் வேலை. அங்கேயே அறை எடுத்துத் தங்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை வருவான். வந்ததும் எல்லைப் பாலத்தில் எவ்வளவு ஜாம் என்று வாய் ஓயாமல் சொல்வான். அம்மா எப்படி இருக்கிறாள் என்பதை வாசலில் செருப்பை மாட்டும்போது கேட்பான்.

மருத்துவமனையில் கைக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்தவள் ஒரு மலாய்ப் பெண். சின்ன வயது, பொறுமைசாலி. அவள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. மெத்தென்ற பந்து ஒன்றைக் கொடுத்து அமுக்கச் சொன்னாள். துணி மாட்டும் கிளிப்பைத் திறந்து மூடச் சொன்னாள். மேசையில் துண்டை விரித்து, அதன்மேல் கையை வைத்து முன்னும் பின்னும் தள்ளச் சொன்னாள். கை வரும்வரை பட்டினி கிடக்க முடியாதல்லவா, அதனால் இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிடவும் பழக்கச் சொன்னாள். நான் எல்லாவற்றையும் போனில் பிடித்துக்கொண்டு வந்தேன். தொழிற்சாலைப் புத்தி எனக்கு. சொன்னதைச் சொன்னபடி செய்வேன்.

அம்மா பந்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இத அமுக்கி என்னாடி ஆவப்போவுது? நான் என்ன சின்னப் புள்ளையா?" என்றாள். செடெனாக் பக்கம் எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைத் தோட்டத்தில் வருஷக்கணக்காக உதிரிப் பழம் பொறுக்கிய கை அது. அதன் உள்ளங்கையில் பச்சைப் பந்தைத் திணித்துவிட்டு, அமுக்கும்மா, அமுக்கும்மா என்று நான் கத்திக்கொண்டிருந்தேன். பந்து உருண்டு சோபாவுக்கு அடியில் போகும். அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அதையாவது பொறுத்துக்கொண்டேன். கரண்டிதான் வீட்டை இரண்டாக்கியது. இடது கையில் கரண்டியைக் கொடுத்ததும் அம்மா அதை மேசையில் போட்டாள்.

"பீச்சாங்கையில சோறு திங்கச் சொல்றியா?"

"கரண்டிலதானம்மா சாப்புடப்போற. கை சோத்துல படவே படாது."

"படாட்டி? கை எது? அந்தக் கைதான?"

சரி, நானே ஊட்டுகிறேன் என்றால் அதுவும் நடக்கவில்லை. இரண்டு வாய் வாங்குவாள், மூன்றாவது வாய்க்குக் கண்ணீர் வந்துவிடும், போதும் என்பாள். வயதான காலத்தில் மகள் கையால் வாங்கித் தின்னும்படி ஆகிவிட்டதே என்ற அவமானம். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு வந்தது. நைட்டி தோளில் நிற்காமல் நழுவியது. அந்தக் கை எழுந்தால்தான் அம்மா சாப்பிடுவாள், சாப்பிட்டால்தான் இருப்பாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான். என் தம்பிக்குத்தான் அது மண்டையில் ஏறவில்லை.

ஒரு நாள் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "தண்ணி பத்தாதுடி, எப்படிப் பெசையற பாரு" என்று குறை சொன்னாள். எனக்கு எங்கிருந்துதான் ஆத்திரம் வந்ததோ! "அப்ப நீயே பெசஞ்சுக்க!" என்று மாவுத் தட்டை அவள் முன்னால் தள்ளினேன். அம்மா இடது கையால் வலது கையைத் தூக்கி மாவின்மேல் போட்டாள். விரல்கள் கொஞ்சம் உள்ளே போயின. மறுபடி போயின. நான் தட்டை இன்னும் கிட்டே நகர்த்தினேன்.

அன்றோடு பந்து கிளிப்புகளோடு சேர்ந்து அலமாரிக்குப் போனது. அமுக்குவதற்குப் பந்துக்குப் பதில் மாவு. கிளிப்புக்குப் பதில், ஊறவைத்த சின்ன வெங்காயத்தை உரிப்பது. துண்டைத் தள்ளுவதற்குப் பதில், முறத்தில் பரப்பிய பருப்பைத் தள்ளித் தள்ளிப் பொறுக்குவது. அந்தப் பெண் சொன்ன அசைவுகளில் ஒன்றைக்கூட நான் விடவில்லை. அம்மா மதிக்கிற வேலைக்குள் அவற்றைக் கொண்டுபோய் வைத்தேன், அவ்வளவுதான். வலித்தால் நிறுத்தவேண்டும் என்பதையும் விடவில்லை. அடுத்த முறை மருத்துவமனைக்குப் போனபோது அந்தப் பெண்ணிடம் வீடியோவைக் காட்டினேன். சிரித்துவிட்டு, "பாண்டாய் லா, காக்" என்று என்னைக் கெட்டிக்காரி ஆக்கினாள். ஆனால் தோள் தூக்கிக்கொள்கிறது, முழங்கைக்கு அடியில் தலையணை வை என்று திருத்தினாள். வைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் குதித்தான்.

"என்னாக்கா இது? படுத்துக் கெடந்தவங்கள கிச்சன் வேல செய்ய வச்சிருக்க?"

"இது எக்சர்சைஸ்டா."

"புரொபஷனல் சொன்னத அப்படியே ஃபாலோ பண்ணுக்கா. நீ என்னா டாக்டரா, இஷ்டத்துக்கு மாத்த?"

"நீ என்னா மகனா?"

அவன் முகம் செத்துப்போனது. எனக்கு அது போதவில்லை. "வந்து ஒரு வாரம் இருந்து ஊட்டிப் பாரு. ரெண்டு வாய்க்கு மேல வாங்குறாங்களா பாரு. வாட்சாப்புல வீடியோ அனுப்பறது பெருசில்ல" என்றேன். ஆமாம், அனுப்புவான். எந்த நாட்டு நோயாளியோ எந்த நாட்டு இயந்திரத்தையோ பிடித்துக்கொண்டு பயிற்சி செய்யும் வீடியோக்கள். கீழே கும்பிடும் கை இரண்டு. அதோடு அவன் கடமை முடிந்தது.

"சண்ட போடாதீங்க லா" என்றாள் அம்மா. அப்புறம் அவனைப் பார்த்து, "சாப்டியாய்யா?" என்றாள். என்னை யாரும் கேட்கவில்லை.

அவன் போனபிறகும் நாங்கள் விடவில்லை. மாவு நன்றாகப் பிடிபட்டதும் சோற்றுக்கு வந்தோம். ரசம் சாதம் விரலிடுக்கில் வழிந்தது. உதிர்ந்த சோறு பிடிக்கவே நிற்கவில்லை. குழைய வடித்து, பருப்பும் நெய்யும் விட்டுக் கொடுத்தபோதுதான் உருண்டை நின்றது. நின்றாலும் வாய்வரை போகவில்லை, பாதி வழியில் கை இறங்கிவிடும். பெரிய பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து, தட்டை அதன்மேல் வைத்தேன். தூரம் குறைந்தது. இது எந்த வீடியோவிலும் இல்லை. மடியெல்லாம் சோறு, தரையெல்லாம் சோறு, துடைத்துத் துடைத்து என் முட்டி தேய்ந்தது. ஆனாலும் அம்மா தினமும் தட்டைக் கேட்டாள். நான் மறந்தால் திட்டினாள். இவ்வளவு வைராக்கியம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஆச்சரியம். பசிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு நாள், சிந்தாமல் சிதறாமல் ஒரு உருண்டை அம்மா வாய்க்குள் போனது. இன்னொன்றும் போனது. நான் தம்பிக்குச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரட்டும், நேரில் பார்க்கட்டும், என்னை டாக்டரா என்று கேட்ட வாயை மூடிக்கொள்ளட்டும் என்று வைத்திருந்தேன். அந்த வாரம் முழுக்க அவனிடம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தபடியே வேலை செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தான். ஜாமைப் பற்றிப் பேசினான். அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனை எடுத்தான். நான் டின்னைக் கவிழ்த்துத் தட்டை வைத்து, "இப்பப் பாரு" என்றேன். அம்மா பிசைந்தாள். உருட்டினாள். கை நடுங்கியபடி எழுந்தது. என் கண் தம்பியின் முகத்திலேயே இருந்தது, அவன் வாயடைத்துப் போவதைப் பார்க்க வேண்டுமே. அதனால் கை திரும்பியதை நான் பார்க்கவில்லை. உருண்டை அம்மா வாயைத் தாண்டி அவன் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"ஆ காட்டுய்யா."

அவன் வாயைத் திறந்தான். பாதிச் சோறு சட்டையில் விழுந்தது. அவனுக்கு அழுகை வந்துவிட்டது, அந்த மடையனுக்கு.

"இதுக்குத்தான்யா இத்தன நாளா பழகுனேன்" என்றாள் அம்மா. "வாரத்துக்கு ஒரு நாளு வர்ற புள்ளைக்கு ஒரு வாய் சோறு குடுக்க முடியலையேன்னு இருந்துச்சு."

அலமாக்! மாவு என்னுடையது, டின் என்னுடையது, துடைத்த தரை என்னுடையது. ஆனால் அந்தக் கை எதற்காக எழவேண்டும் என்று நான் ஒரு நாளும் அவளைக் கேட்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னேன்:

"எனக்கும் ஒரு வாய் குடும்மா."

அம்மா கையை மடியில் இறக்கி, இடது கையால் நீவிக்கொண்டாள்.

"கை வலிக்குதுடி. நீ இங்கதான இருக்க, நாளைக்குத் தர்றேன்."

தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். அம்மா பிசைந்து மீந்த சோற்றை, நின்றபடியே, ஒரு பருக்கை விடாமல் வழித்துத் தின்றேன்.